32 வாரத்துல பிறந்த பாப்பாவுக்கு 28ஆம் நாள் கண் பார்க்கணும்னு எழுதியிருக்காங்க. முப்பது கழிச்சுப் போகலாமா?

காசிமேடு_ஐஸ்கம்பெனி:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு இது முதல் குழந்தை. பொண்ணு. 32 வாரத்துலயே பிறந்துட்டா. எங்க வீட்டம்மாவுக்கு பிரஷர் ஏறி, முகம் கை காலெல்லாம் வீங்கிப்போய், இதுக்கு மேல வயித்துல வெச்சா ரெண்டு உசுருக்கும் ஆபத்துன்னு ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. பிறந்தப்ப 1,480 கிராம். அழுதா, ஆனா மூச்சு விடத் திணறினா. மூக்குல குழாய் வெச்சு 6 நாள் ஆக்ஸிஜன் கொடுத்தாங்க. அப்புறம் கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டி. அப்புறம் அம்மா நெஞ்சோட சேர்த்துக் கட்டி வெச்சாங்க. 24ஆம் நாள் எடை 1,690 வந்ததும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இன்னிக்கு 25ஆம் நாள். பாலாடையில 30 மில்லி குடிக்கிறா. இப்பதான் நேரா மார்ல பிடிக்கப் பழகுறா.

டிஸ்சார்ஜ் ஷீட்டோட கடைசிப் பக்கத்துல "ஆர்ஓபி ஸ்கிரீனிங், எழும்பூர் கண் ஆஸ்பத்திரி, வியாழக்கிழமை"ன்னு எழுதியிருக்கு. அன்னிக்கு 28ஆம் நாள். ஆர்ஓபின்னா குறைமாசக் குழந்தைங்க விழித்திரைக்கு வர்ற நோயாம்.

எங்க அம்மா ஒரே பிடிவாதமா நிக்கிறாங்க. முப்பது கழியாம பச்சைக் குழந்தைய வாசப்படி தாண்டி எடுக்கக் கூடாதாம். ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததே பெருசு, மறுபடி அலைய விடாதேன்றாங்க. பக்கத்து வீட்டக்கா வேற, கண்ணுல கிளிப் மாட்டி விரிச்சு, கம்பியால அமுக்கிப் பார்ப்பாங்க, புள்ள துடிச்சுப் போயிரும்னு சொல்லிட்டாங்க. அவங்க நாத்தனார் குழந்தைக்கு லேசர் வெச்சதாலதான் சோடாபுட்டிக் கண்ணாடி வந்துச்சாம். அதைக் கேட்டதுலேருந்து எங்க வீட்டம்மா அழுதுட்டே இருக்கா.

எனக்கும் குழப்பமா இருக்கு. பாப்பா கண்ணு கருகருன்னு தெளிவா இருக்கு. டியூப்லைட் போட்டா சுருக்கிக்கிறா. இப்ப தடைக்காலம், போட்டு எதுவும் கடலுக்குப் போகலை, ஐஸ் கம்பெனியில பாதி நாள்தான் வேலை. அதனால லீவு பிரச்சனை இல்லை. ஆனா செலவு எவ்வளவு ஆகும்னு தெரியலை. 45 நாள் ஊசி போடப் போறப்ப கண்ணையும் சேர்த்துக் காட்டிட்டா ஒரே அலைச்சலா முடிஞ்சிரும்ல? இல்ல வியாழக்கிழமையே போய்த்தான் ஆகணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


வியாசர்பாடி_88:

ப்ரோ, என் பையனும் 33 வாரம்தான். 1,700 கிராம். நாங்க கண்ணெல்லாம் காட்டவே இல்லை. இப்ப யுகேஜி படிக்கிறான், நல்லா இருக்கான். ரொம்ப பயப்படாதீங்க. கொஞ்சம் எடை ஏறட்டும், அப்புறம் போங்க.


ரெட்டைப்புள்ள_அம்மா:

தம்பி, வியாழக்கிழமையே போங்க. நான் கீழ எழுதறதை அப்புறமாக்கூடப் படிச்சுக்கலாம். முதல்ல ஷீட்டை எடுத்து வாசல் பக்கம் வெச்சிட்டு வாங்க.

நான் தண்டையார்பேட்டை. எனக்கு ரெண்டு பொண்ணுங்க, ரெட்டை. ஏழு முடிஞ்சு எட்டு நடக்குது. 31 வாரத்துல பிறந்தாங்க. முதல்ல வந்தவ 1,520 கிராம், பின்னாடி வந்தவ 1,080. ரெண்டு நிமிஷ வித்தியாசம்தான், ஆனா வீட்ல பெரியவ, சின்னவன்னே பழகிருச்சு.

பெரியவ தெம்பா இருந்தா. ஆக்ஸிஜன் நாலு நாள்தான். 20ஆம் நாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என் மாமியார் வெச்சுப் பார்த்துக்கிட்டாங்க. நான் சின்னவளோட ஆஸ்பத்திரியிலயே கிடந்தேன். நான் பீச்சிக் கொடுக்கிற பாலை என் வீட்டுக்காரர் ஐஸ் வெச்ச பையில போட்டு தினமும் ரெண்டு வேளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாரு. பெரியவளைப் பத்தி எங்க யாருக்கும் ஒரு கவலையும் கிடையாது. கவலை மொத்தமும் சின்னவ மேலதான்.

சின்னவளுக்கு 21ஆம் நாள் கண் டாக்டர் வார்டுக்கே வந்து பார்த்தாரு. அப்புறம் வாரா வாரம் வந்தாரு. 38ஆம் நாள் பார்த்தவரு, ரத்தக்குழாயெல்லாம் புடைச்சு வளைஞ்சு போயிருக்கு, இதுக்குப் பேரு பிளஸ், ரெண்டு நாளைக்குள்ள லேசர் வைக்கணும்னு சொல்லி, மறுநாளே வெச்சாரு. 58ஆம் நாள் வீட்டுக்கு வந்தோம். 63ஆம் நாள் சின்னவளை மறுபடி காட்டப் போனப்ப, பெரியவளை வீட்ல விட ஆள் இல்லாததால அவளையும் தூக்கிட்டுப் போனோம். டாக்டர் என் மாமியார் மடியில இருந்தவளைப் பார்த்து, "இவ யாரு? இவ கண்ணை யார் பார்த்தாங்க?"ன்னு கேட்டாரு. எங்ககிட்ட பதில் இல்லை.

அன்னிக்கே சொட்டு மருந்து விட்டுப் பார்த்தாரு. இந்த நோயை அஞ்சு நிலையா பிரிப்பாங்க, அஞ்சுதான் ரொம்ப மோசம். வலது கண்ணு மூணாம் நிலை. இடது கண்ணுல விழித்திரை கிளம்ப ஆரம்பிச்சு நடுப்பகுதி வரைக்கும் வந்திருச்சு, நாலாம் நிலை. வலதுக்கு மறுநாள் லேசர். இடதுக்கு அந்த வாரமே ஆபரேஷன். வலது கண்ணு நின்னுச்சு. இடது கண்ணுல இன்னிக்கு அவளுக்கு வெளிச்சம் தெரியும், முன்னாடி கையை ஆட்டினா நிழல் தெரியும். அவ்வளவுதான்.

பெரியவளோட டிஸ்சார்ஜ் பேப்பரை அதுக்கப்புறம் எடுத்துப் பார்த்தேன். "கண் பரிசோதனை தேவை"ன்னு ஒரு வரி இருந்துச்சு. எந்தத் தேதி, எந்த இடம், எதுவும் இல்லை. வாயால யாரும் சொல்லலை. அந்த ஆஸ்பத்திரி பேரை நான் இங்க எழுத மாட்டேன், அங்கதான் சின்னவளைப் பிழைக்க வெச்சாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். வாரா வாரம் சின்னவ கண்ணைப் பார்க்க வந்த அதே டாக்டர்கிட்ட, "இவளுக்கு ஒரு அக்கா வீட்ல இருக்கா சார்"னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆறு வாரமா தோணலை. தெம்பா இருக்கிற புள்ளைக்கு என்ன பரிசோதனைன்னு இருந்துட்டேன்.

உங்க ஷீட்ல தேதியும் இருக்கு, இடமும் இருக்கு. அதை எழுதின கையைக் கும்பிட்டுட்டுப் போங்க தம்பி.

இது என்ன நோயின்னு சின்னவளோட டாக்டர் ஒரு பேப்பர்ல வரைஞ்சு காட்டினாரு. கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கிற விழித்திரைக்கு ரத்தக்குழாய் வயித்துக்குள்ள 16 வாரம் போல முளைக்க ஆரம்பிக்குமாம். நடுவுல இருக்கிற நரம்புலேருந்து கிளம்பி ஓரத்தைப் பார்த்து ஓடும். மூக்குப் பக்க ஓரத்தை 36 வாரத்துலயும், காதுப் பக்க ஓரத்தை 40 வாரத்துலயும் போய்த் தொடும். 32 வாரத்துல வெளிய வந்துட்டா அந்தக் குழாய் பாதி வழியில நிக்குது. வெளிக் காத்து, ஆக்ஸிஜன் எல்லாம் பட்டு வளர்ச்சி தடைப்படும். கொஞ்ச வாரம் போனதும் ரத்தம் போகாத ஓரம் எனக்கு ரத்தம் வேணும்னு கேட்கும். அப்ப கண்டபடி புதுக் குழாய் முளைக்குது. அது தழும்பா மாறி விழித்திரையைப் பிடிச்சு இழுக்குது. நம்ம பக்கம் உப்புக் காத்துல சுவர்ச் சுண்ணாம்பு பொருக்கு விட்டு எழும்புமே, அந்த மாதிரி விழித்திரை எழும்பிரும். எழும்பினதை மறுபடி ஒட்ட வைக்கிறது பெரிய பாடு. எழும்புறதுக்கு முன்னாடின்னா பல மணி நேரம்கூட ஆகாது, லேசர் வெச்சோ கண்ணுக்குள்ள ஊசி போட்டோ நிறுத்திருவாங்க.

இப்ப உங்க கணக்கைப் பாருங்க. 32 வாரத்துல பிறந்தா. 28 நாள்னா நாலு வாரம். மொத்தம் 36. இந்த நோய் முத்துற நேரம் பெரும்பாலும் 36லேருந்து 38 வாரத்துக்குள்ள வரும். 45 நாள் ஊசி வரைக்கும் விட்டா 38 தாண்டிரும். ஊசியையும் கண்ணையும் ஒரே நாள்ல முடிச்சுக்கலாம்னு நீங்க நினைக்கிறது புரியுது. ஆனா நடுவுல போற அந்த ரெண்டரை வாரம்தான் இதுல எல்லாமே.

கண்ணு கருகருன்னு இருக்குன்னு எழுதியிருக்கீங்க. எங்க பெரியவ கண்ணும் அப்படித்தான் இருந்துச்சு. லைட்டுக்குச் சுருக்கினா. 63ஆம் நாள் காலையிலகூட சுருக்கினா. விழித்திரையோட ஓரத்தை வெளியிலேருந்து யாராலயும் பார்க்க முடியாது, குழந்தை டாக்டராலயும் முடியாது. கண்மணிக்குள்ள வெள்ளையா ஏதோ தெரியுதுன்னு வீட்ல இருக்கிறவங்க கண்டுபிடிக்கிற நாள்ல அது அஞ்சாம் நிலைக்குப் போயிருக்கும்.

வியாசர்பாடி சார், உங்க பையன் நல்லா இருக்கறது ரொம்ப சந்தோஷம். நிறைய குழந்தைங்களுக்கு இது வராது. வந்தவங்கள்லயும் நிறைய பேருக்குத் தானா சரியாயிரும். ஆனா தானா சரியாகப் போற குழந்தை எது, ஆகாத குழந்தை எதுன்னு பார்த்தாத்தான் தெரியும். எங்க வீட்ல எடை கூடின புள்ளைக்குத்தான் போச்சு. அதனால எடை ஏறட்டும்னு மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க. உங்க பையனையும் ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டிருங்க, கண்ணாடி தேவையான்னு பார்க்கறதுக்காவது. கோபமா சொல்லலை.

லேசரால கண்ணாடி வந்துச்சுன்னு உங்க பக்கத்து வீட்டக்கா சொன்னதுல கொஞ்சம் உண்மை இருக்கு. லேசர் வெச்ச குழந்தைங்களுக்குக் கிட்டப்பார்வை அதிகம் வரும். குறைமாசக் குழந்தைங்களுக்கே பொதுவா வரும், நோய் முத்தினவங்களுக்கு இன்னும் கூட வரும். எங்க சின்னவளுக்கு 11ஆம் மாசமே மைனஸ் 6. காதுல நிக்காதுன்னு பின்னாடி எலாஸ்டிக் போட்ட கண்ணாடி. போட்ட அன்னிக்கு என் முகத்தையே தொட்டுத் தொட்டுப் பார்த்தா. ரெண்டு வயசுல இடது கண்ணு உள்பக்கமா திரும்ப ஆரம்பிச்சுது, மாறுகண். மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தாம சோம்பலாக்கிரும்னு, நல்லாத் தெரியற கண்ணை தினம் ரெண்டு மணி நேரம் ஒட்டி மூடச் சொன்னாங்க. பிச்சு எறிஞ்சிருவா. மாடிக்குத் தூக்கிட்டுப் போய் கொருக்குப்பேட்டை பக்கம் போற கூட்ஸ் வண்டியோட பெட்டியை எண்ண வைப்பேன். எண்ணிட்டே இருக்கற வரைக்கும் பிளாஸ்திரியைத் தொட மாட்டா. ஒரு வருஷத்துக்கு மேல அப்படிப் போச்சு. இப்ப அந்தக் கண்ணுல கண்ணாடியோட போர்டுல எழுதினது படிக்கிறா.

பெரியவளுக்கு ஒரு கண்ணு. அந்த ஒண்ணைக் காப்பாத்தறதுக்காகவே உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி, பார்வைக்குத் தேவையோ இல்லையோ எப்பவும் போட்டிருக்கணும். பள்ளிக்கூடத்துல இடது ஓர வரிசையில உட்கார வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். அங்க உட்கார்ந்தாத்தான் போர்டும் மத்த பிள்ளைங்களும் அவ வலது கண்ணு பக்கம் வருவாங்க. படிக்கட்டுல இறங்கறப்ப கடைசிப் படி எவ்வளவு ஆழம்னு அவளுக்குத் தெரியாது. எங்க வீட்டுப் படி ஓரத்துல எல்லாம் மஞ்சள் பெயிண்ட் அடிச்சிருக்கோம். பாண்டி ஆடறதுல அவளை ஜெயிக்க எங்க தெருவுல ஆள் இல்லை.

செலவைப் பத்திக் கேட்டீங்க. அரசாங்க கண் ஆஸ்பத்திரியில இந்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. எழும்பூர்ல இருக்கறது 1819லேருந்து நடக்கற ஆஸ்பத்திரி, கூட்டம் இருக்கும், காலையில சீக்கிரம் போயிருங்க. நாங்க அலைஞ்ச காலத்துல நம்ம பக்கம் மெட்ரோ கிடையாது, 2021 பிப்ரவரியிலதான் விம்கோ நகர் வரைக்கும் வந்துச்சு. கண்டெய்னர் லாரிக்கு நடுவுல ஆட்டோவுல ரெண்டு புள்ளைங்களோட போவோம். நீங்க தண்டையார்பேட்டையில ஏறி சென்ட்ரல்ல மாறினா அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். அங்கேருந்து ஆட்டோ வெச்சுக்கோங்க. பாப்பாவைக் கையில தூக்காதீங்க, வார்டுல கட்டின மாதிரியே அம்மா நெஞ்சோட கட்டி, தலைக்குக் குல்லா போட்டுக் கூட்டிட்டுப் போங்க.

உங்க அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. பெரியவளுக்கு முப்பது கழிச்சு, தொட்டில் போட்டு, தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். அதெல்லாம் குறையில்லாமத்தான் பண்ணோம்.


நர்ஸ்_17வருஷம்:

குறைமாசக் குழந்தைங்க வார்டுல 17 வருஷமா வேலை பார்க்கிறேன், வடசென்னையிலதான். மேல அந்த அம்மா எழுதினதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியலை. அவங்க சொன்ன கணக்கு சரி. நம்ம நாட்டுல 34 வாரத்துக்கு முன்னாடி பிறந்த குழந்தை, இல்லேன்னா 2,000 கிராமுக்குக் கீழ பிறந்த குழந்தை, எல்லாருக்கும் 30 நாளுக்குள்ள முதல் பரிசோதனை நடந்திரணும். 28 வாரத்துக்கு முன்னாடியோ 1,200 கிராமுக்குக் கீழயோ பிறந்திருந்தா ரெண்டு மூணு வாரத்துலயே. 34லேருந்து 36 வாரம் வரைக்கும் பிறந்தவங்களுக்கும் ஆக்ஸிஜன் நிறைய கொடுத்திருந்தா, ரத்தம் ஏத்தியிருந்தா, கிருமித் தொற்று வந்திருந்தா பார்க்கணும்.

வியாழக்கிழமைக்கு என்ன செய்யணும்னு சொல்றேன். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பால் கொடுத்து முடிச்சிருங்க. வயிறு முட்ட இருந்தா கண்ணைத் தொடும்போது வாந்தி எடுத்து புரையேறும். ரொம்பப் பட்டினியும் போடக் கூடாது. காத்திருக்கற நேரம் நீளும், அதனால பீச்சின பாலும் பாலாடையும் கையில இருக்கட்டும். கண்மணியைப் பெருசாக்கற சொட்டு மருந்து பத்து, பதினஞ்சு நிமிஷ இடைவெளியில ரெண்டு மூணு தடவை விடுவாங்க. கண்ணுக்கு வெளிய வழியறதை உடனே சுத்தமான பஞ்சால ஒத்தி எடுத்திருங்க, தோல் வழியா உள்ள போனா இந்தச் சின்ன உடம்புக்கு நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம் மாறும். கண்ணைச் சுத்தி வெளுத்துத் தெரிஞ்சா பயப்படாதீங்க, மருந்தாலதான்.

கிளிப் போடுவாங்கன்னு சொன்னது உண்மை. அதுக்கு முன்னாடி மரத்துப் போற சொட்டு விடுவாங்க. விழித்திரை ஓரம் தெரியறதுக்காகச் சின்னக் கம்பியால மெதுவா கண்ணைத் திருப்புவாங்க. குழந்தை அழும். துணியில கை கால் அடங்கற மாதிரி சுத்தி, தலையைப் பிடிச்சு, வாயில ரெண்டு சொட்டுப் பால் வெச்சா சமாளிச்சிரும். ஒரு கண்ணுக்கு சில நிமிஷம்தான். அம்மாவால பார்க்க முடியலேன்னா வெளிய இருக்கட்டும், நீங்க நில்லுங்க. முடிஞ்சதும் ஒரு அரை மணி நேரம் அங்கயே உட்கார்ந்து மூச்சு சீரா இருக்கான்னு பாருங்க. சில குழந்தைங்க மூச்சை நிறுத்தி நிறுத்தி விடும். உதடு நீலம் ஆச்சுன்னாலோ பால் குடிக்காம துவண்டு கிடந்தாலோ உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க. வெள்ளை விழியில ரத்தச் சிவப்பா ஒரு திட்டு வரலாம், சில நாள்ல தானா போயிரும். பல மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், வரும்போது வெயில் முகத்துல படாம மூடிக்கோங்க.

இன்னொண்ணு. வீட்ல யாராவது கண்ணு சிவந்திருக்குன்னு தாய்ப்பாலைக் கண்ணுல பீச்ச வருவாங்க, விளக்கெண்ணெய் தொட்டு வைக்க வருவாங்க, மை போட வருவாங்க. வேண்டாம். தாய்ப்பால் வயித்துக்குப் போகட்டும். எடை நல்லா ஏறற குழந்தைக்கு இந்த நோய் முத்தறது குறைவு, அதனால நெஞ்சோட அணைச்சு வைக்கறதை வீட்லயும் விடாதீங்க.

டாக்டர் பார்த்து முடிச்சதும் "நல்லா இருக்கு"ன்னு வாயால சொன்னதோட எழுந்து வந்துராதீங்க. எத்தனாவது மண்டலம் (விழித்திரையில எந்தப் பகுதின்னு), எத்தனாவது நிலை, பிளஸ் இருக்கா இல்லையா, மறுபடி எந்தத் தேதி, இந்த நாலும் பேப்பர்ல இருக்கணும். தேதி இல்லாம வெளிய வராதீங்க. எங்க வார்டுல நான் இப்ப அந்தத் தேதியை அம்மா கை அட்டையில சிவப்பு மையில எழுதி, அவங்க வாயால திருப்பிச் சொல்ல வெச்சுட்டுத்தான் அனுப்புறேன். ரெட்டைக் குழந்தைன்னா ரெண்டு அட்டையிலயும்.


வியாசர்பாடி_88:

அக்கா, கோபமெல்லாம் இல்லை. எனக்கு இவ்வளவு தெரியாது. பையன் டிவிக்குக் கிட்டப் போய்த்தான் உட்காருவான், செல்லமா திட்டிட்டு விட்டுருவோம். இந்த வாரம் காட்டிடறேன்.


காசிமேடு_ஐஸ்கம்பெனி:

அக்கா, சிஸ்டர், ரெண்டு பேருக்கும் நன்றி. வியாழக்கிழமை போயிட்டு வந்துட்டோம். கொஞ்சம் லேட்டா எழுதறேன்.

புதன்கிழமை ராத்திரி நீங்க எழுதினதை எங்க அம்மாவுக்கு உரக்கப் படிச்சுக் காட்டினேன். பெரிய பாப்பாவைப் பத்தி வர்ற இடத்துல அவங்க எழுந்து உள்ள போயிட்டாங்க. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். காலையில அஞ்சு மணிக்கு எங்களுக்கு முன்னாடி குளிச்சிட்டு, பையில பாப்பா துணி, வெந்நீர், பாலாடை எல்லாம் எடுத்து வெச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க. பாப்பாவுக்குத் துணி சுத்தறதுல இருந்து தலையைப் பிடிச்சுக்கறது வரைக்கும் அவங்கதான் நின்னாங்க. கிளிப் போட்டப்ப நான்தான் திரும்பிக்கிட்டேன். அவங்க திரும்பலை.

ரெண்டு கண்ணுலயும் ரெண்டாம் மண்டலம், முதல் நிலை, பிளஸ் இல்லை. இப்ப மருந்து எதுவும் வேண்டாம், 14 நாள் கழிச்சு வாங்கன்னாங்க. நாலையும் எழுதி வாங்கிட்டேன். கண்ணு கொஞ்சம் சிவந்திருந்துச்சு, சிஸ்டர் சொன்ன மாதிரியே மூணாம் நாள் போயிருச்சு. முப்பது நேத்துத்தான் கழிச்சோம்.

ஒரு சந்தேகம். இது எப்ப முடியும்? அடுத்த தடவை நல்லா இருக்குன்னு சொல்லிட்டா விட்டுரலாமா?


ரெட்டைப்புள்ள_அம்மா:

உங்க அம்மாவை என் சார்பா கட்டிப் பிடிச்சுக்கோங்க தம்பி.

ரத்தக்குழாய் ஓரத்தைப் போய்த் தொட்டிருச்சு, விழித்திரை முழுசா முதிர்ந்திருச்சுன்னு டாக்டர் எழுதற வரைக்கும் ஒரு வாரம், ரெண்டு வாரம்னு கூப்பிடுவாங்க. முதல் நிலைன்னா பெரும்பாலும் தானா அடங்கிரும், ஆனா அடங்கிருச்சுன்னு சொல்ல வேண்டியது அவங்கதான். கண்ணுக்குள்ள ஊசி போட வேண்டி வந்தா மட்டும் இன்னும் பல மாசம் பார்க்கணும், அடங்கின மாதிரி இருந்து திரும்பி வரும்.

முதிர்ந்திருச்சுன்னு சொன்ன அன்னிக்கு எல்லாரும் ஃபைலைப் பரண்ல போட்டுருவாங்க. போடாதீங்க. அதுக்கப்புறம் கண்ணாடி, மாறுகண், சோம்பல் கண்ணுக்காகப் பார்க்கறது இருக்கு. மூணு மாசம், ஆறு மாசம், ஒரு வயசு, அப்புறம் பள்ளிக்கூடம் போற வரைக்கும் வருஷா வருஷம்னு எங்களுக்குச் சொன்னாங்க, உங்களுக்கு எப்படின்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதிக்கோங்க. நடுவுல நீங்களும் கவனிங்க. வயசைப் பிறந்த நாள்லேருந்து எண்ணாதீங்க, பிறக்க வேண்டிய தேதியிலேருந்து எண்ணுங்க. அந்தக் கணக்குல ரெண்டு மாசம் ஆகறப்ப உங்க முகத்தைப் பார்த்துச் சிரிக்கணும், மூணு மாசத்துல சிவப்புக் கிலுகிலுப்பையைக் கண்ணால தொடரணும். இல்லேன்னா அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கண்ணு நல்லா இருந்தும் பார்க்காம இருந்தா, மூளைக்குப் போற பாதையிலயும் பிரச்சனை இருக்கலாம்னு பார்ப்பாங்க. குறைமாசக் குழந்தைங்களுக்கு அதுவும் உண்டு.

என் ரெண்டு பேரையும் வருஷத்துக்கு ஒரு தடவை சொட்டு விட்டு விழித்திரை ஓரம் பார்த்துட்டுத்தான் இருக்கேன். வளர்ந்தப்புறமும் அவங்களுக்கு விழித்திரை கிழியறதுக்கு வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகமாம். கண்ணு முன்னாடி பூச்சி பறக்கற மாதிரி, திரை இறங்கற மாதிரி இருந்தா உடனே அம்மாகிட்ட சொல்லணும்னு பெரியவளுக்கு இப்பவே சொல்லி வெச்சிருக்கேன்.

அடுத்த தேதி என்னிக்கு?


காசிமேடு_ஐஸ்கம்பெனி:

சரியா தடைக்காலம் முடியற நேரத்துல வருதுக்கா. 61 நாள் கட்டிக் கிடந்த போட்டெல்லாம் கிளம்பும், அதுக்கு முதல் நாள் ராத்திரி பகலா ஐஸ் உடைச்சு ஏத்தணும். வருஷத்துல எங்களுக்கு அதிகம் காசு வர்ற நாள் அதுதான். முதலாளிகிட்ட இன்னிக்குக் காலையில போய்ச் சொல்லிட்டேன், அன்னிக்கு மதியத்துக்கு மேலதான் வருவேன்னு. ஷீட்டை வாசல் பக்கம் ஆணியில மாட்டி வெச்சிருக்கோம்.